மூக்கு மேஸ்திரி

படகுப் பட்டறையில் அவருக்கு மூக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். மூக்கு பெரிதென்று நினைத்துவிடாதீர்கள், சப்பை மூக்குதான். குங்கிலிய மரம் என்று யார் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும், பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் ஒரு தொடு தொட்டு, கண்ணை மூடி முகர்ந்து, "ஆமா" அல்லது "இல்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். உள்ளே பிசின் இருந்தால் உருகி மணக்கும். நிறத்தைப் பூசி ஏமாற்றலாம், மணத்தை ஏமாற்ற முடியாது என்பது அவர் கட்சி. அவர் "இல்ல" என்ற மரத்தைத் துறையில் வேறு யாரும் தொட மாட்டார்கள்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து மேஸ்திரிக்கு உலகத்தின் மேலேயே சந்தேகம். டீக்கடைக்காரன் தூளைக் குறைத்துவிட்டான். சோப்பில் கலப்படம். வார்னிஷ் டப்பாவைத் திறந்தவுடனே, "தண்ணிய ஊத்தி வச்சிருக்கான்" என்று கடைக்கே திருப்பி அனுப்பினார். அவர் ஒருவர் மட்டும்தான் யோக்கியர் என்பது போல நடந்துகொண்டிருந்தார்.

அப்போது பார்த்துத்தான் தங்கச்சி புருஷன் புதுப் படகின் அடிக்கட்டைக்கு மரம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். எல்லோரும் மதியம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மேஸ்திரி தனியாக உட்கார்ந்து கம்பியை வைத்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. வேறொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் ஒன்றுமில்லை.

போன வாரம் மாப்பிள்ளை பழம் வாங்கிக்கொண்டு உடம்பு விசாரிக்க வந்தது ஞாபகம் வந்தது. என்றுமில்லாத அக்கறை ஏன்? தங்கச்சி மூன்று தடவை போன் செய்து, "மரம் பாத்தீங்களாண்ணே?" என்றாளே, அவளும் உடந்தையா? யோசிக்க யோசிக்க எல்லாம் கணக்காகப் பொருந்தியது.

சாயங்காலம் இருவரையும் வரச்சொன்னார்.

"மாப்பிள்ளை, இது குங்கிலியம் இல்ல."

"விளையாடாதீங்க மச்சான். நான் பக்கத்துல நின்னு வெட்ட வச்சது."

"அப்ப என் மூக்கு பொய் சொல்லுதா?"

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கச்சிதான் முன்னால் வந்தாள்.

"அண்ணே, நீங்க வெளிய 'இல்ல'ன்னுட்டா இவரு மரக்கடைய இழுத்து மூட வேண்டியதுதான். அப்புறம் நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு உங்க வீட்டுப் படி ஏறுவேன்? இன்னொரு தடவ பாருங்க. நானே கம்பி வைக்கிறேன்."

ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பக்கத்துக் கொட்டகையில் மட்டும் ரம்பம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி குனிந்து கண்ணை மூடினார். கூடப் பிறந்தவள் குடியைக் கெடுக்கப் போகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் இந்த அடிக்கட்டையை நம்பித்தானே எட்டுப் பேர் கடலுக்குப் போக வேண்டும். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டார்.

"ம், வை."

காத்திருந்தார். தள்ளிப்போடுகிறாள், பயம், என்று நினைத்தார். யாரோ தும்மினார்கள்.

"வச்சுத் தொலைம்மா! எவ்வளவு நேரம் குனிஞ்சுக்கிட்டே இருக்கிறது?"

ரம்பம் நின்றது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, குங்கிலியமா? வாசன இங்க வரைக்கும் ஆளத் தூக்குது!" என்றான்.

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். மரத்தில் புதிதாக மூன்று கறுப்புச் சூட்டுத் தடங்கள். ஒன்றின் ஓரத்தில் பிசின் உருகித் தேன் துளி போல நின்றது. கம்பியும் கையுமாக நின்ற தங்கச்சி மரத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பிசினை விரலில் தொட்டார். ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார். டீ, சோப்பு, வார்னிஷ் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

விரலைத் தங்கச்சி பக்கம் நீட்டி, யாருக்கும் கேட்காத குரலில், "மணக்குதாம்மா?" என்றார்.

முப்பது வருஷமாக ஊர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.