கேலரியில் மேல்வரிசை

வீட்டில் குழந்தைவேலு பேசிய கடைசிப் பேச்சு ஒரு சட்டைப் பொத்தானைப் பற்றியது.

"பொத்தான் இல்லாமப் போனா தொரை உக்காந்த எடமே எந்திரிச்சு ஓடிரும்லா," என்றான்.

"தொரையே ஓடிட்டான். எடம் ஓடுனா என்ன கெட்டுப்போச்சு?" என்ற அவன் பெண்டாட்டி இராசாத்தி, தன் பழைய ரவிக்கையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துத் தைத்துக் கொடுத்தாள். பொம்பளைப் பொத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டான்.

மலாயாவில், சுங்கைப் பட்டாணித் திடலில் அந்தக் கேலரியை வெள்ளைக்காரர்கள் பலகையால் கட்டித் தகரக் கூரை போட்டிருந்தார்கள். பந்தாட்டம், ராஜா பிறந்தநாள் எல்லாம் அங்கேதான். துரைமாரும் துரைசானிகளும் மேல்வரிசையில், கணக்கெழுதும் கிராணிமார் கீழ்வரிசையில். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் எதிர்ப்பக்கம் வெயிலில் நின்று பார்க்க வேண்டும். தைப்பூச ரதம் திடலைச் சுற்றி வரும்போதுகூட அப்படித்தான். சாமி தோட்டத்து ஆட்களுடையது, நிழல் துரைமாருடையது. குழந்தைவேலுவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த மேல்வரிசைமேல் ஒரு கண்.

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், தோட்டத்துக் கங்காணி, ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக வந்து சொன்னார்: திடலில் விழா, பாட்டு உண்டு, கூத்து உண்டு, வருகிறவர்களுக்கு அரிசி உண்டு, கேலரியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மரவள்ளிக்கிழங்கே தின்று சலித்துப்போன இராசாத்தி அரிசிக்காகப் போனாள். அவன் மேல்வரிசைக்காகப் போனான்.

போனதும் கேலரியில் ஏறி, பக்கத்தில் துண்டை விரித்து அவளுக்கும் இடம் பிடித்துவிட்டான்.

"ஏ புள்ள, மேல வா! துண்டு போட்டு வச்சிருக்கேன்!"

அங்கே முழுக்க ஆண்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மாவோடு புல்லில் உட்கார்ந்திருந்த இராசாத்தி கூச்சத்தில் தலையை ஆட்டினாள்.

"போடி, தொரைசானி மாதிரி கால்மேல கால் போட்டு உக்காரு," என்று காளியம்மா அவளை இடித்தாள்.

"நீ போக்கா. எனக்கு இந்தப் புல்லு போதும்."

இரண்டாவது பாட்டு முடியுமுன் லோரிகள் வந்து நின்றன. சிப்பாய்கள் கேலரியை வளைத்துப் படியை அடைத்துக்கொண்டார்கள். புல்லில் இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். காளியம்மா இராசாத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் மேல்வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போ! நான் வந்துர்றேன்!"

லோரி அவர்களை ரயிலுக்குக் கொண்டுபோனது. ரயில் சயாமுக்குப் போனது. சண்டை முடிந்து திரும்பிய ஒருவர், காட்டில் ஜப்பான்காரனுக்குத் தண்டவாளம் போடுகிற இடத்தில் பேதி கண்டு அவன் போய்விட்டதாகச் சொன்னார். புதைத்தார்களா எரித்தார்களா என்று அவருக்குத் தெரியவில்லை.

பலகைகளை ஜப்பான்காரன் காலத்திலேயே விறகுக்கு உடைத்துவிட்டார்கள். பிறகு அதே இடத்தில் சிமெண்டில் கேலரி எழுந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டம் அதில் நடந்தது. தைப்பூசத்துக்கு இப்போது எல்லாரும் நிழலில் உட்கார்ந்து ரதம் பார்க்கிறார்கள். இராசாத்தி மட்டும் எதிர்ப்பக்கம் வெயிலில் நிற்பாள்.

ஒரு வருஷம் விழாவுக்கு முன்னால் தனியாகப் போய், கேலரியை முன்னும் பின்னுமாகச் சுற்றி வந்தாள். சாயம் அடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"என்னம்மா தேடுறீங்க?"

"எறங்க வேற வழி வச்சிருக்காங்களான்னு பாக்குறேன் தம்பி."

"இல்லம்மா. ஏறவும் எறங்கவும் இந்த ஒரே படிதான்."