கட்டி வைத்த ஊஞ்சல்கள்

கார்த்திகைத் திங்கள் பிறந்து பத்து நாள் கழிந்திருந்தது. கீழைக் கடலில் நீர் முகந்த முகில்கள் பரங்கிப்பேட்டைக்கு மேலாகத் தவழ்ந்து வந்து, தில்லையின் நான்கு கோபுரங்களையும் நனைத்துவிட்டு மேற்கே சென்றன. சென்றவற்றின் பின்னே வேறு முகில்கள் வந்தன. விடிந்த பின்னும் விடியாத தோற்றம். வெயில் ஒரு கணம் முகங்காட்டி, ஏதோ நினைவு வந்தாற்போல் மறைந்துகொண்டது. வாடை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஊருக்கு வெளியே சம்பாப் பயிர் சாய்ந்து நிமிர்ந்தது. ஊருக்குள் தாழிடாத கதவுகள் தாமே அடித்துக்கொண்டன. வானும் நீரும் மரமும் யாருடைய வரவையோ எதிர்நோக்கி நிலைகொள்ளாதிருந்த பருவம்.

ரயிலடிச் சாலையோரத்துப் பூங்காவில் அமராவதி வாதுமை இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நனைந்த இலை சிமெண்டுத் தரையோடு ஒட்டிக்கொள்ளும், துடைப்பத்துக்கு அசையாது. குனிந்து, ஒவ்வொன்றாக நகத்தால் பெயர்க்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாகப் பெயர்த்த விரல்கள் அவை. அதற்குள் ஒப்பந்தக்காரர் ஐவர் மாறிவிட்டனர். இப்போது வந்திருக்கும் ஆறாமவர் மூன்று ஆட்களில் இருவரை மட்டும் வைத்துக்கொள்வாராம். பூங்காவைப் பார்வையிட அவருடைய மேலாளர் கடலூரிலிருந்து இன்று வருகிறார். யார் நிற்பது, யார் போவது என்பது அதன் பின்னரே தெரியும்.

"ராத்திரி காவல நிறுத்த முடியாது. மிச்சம் நீயும் நானுந்தான்," என்றார் சுப்பராயலு, ரப்பர்க் குழாயைச் சுருட்டியபடி. பூங்காவுக்குத் தண்ணீர் விடுபவர் அவர்.

"ஊரே மழையில மொதக்குது. இதுல தண்ணி வுடற ஆளு எதுக்குன்னு கேட்டா என்னா மாமா சொல்லுவ?"

"மழைய நான்தான் தொறந்து வுட்டேன்னு சொல்லுவேன்."

அமராவதி சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் கண் வாயிலுக்குப் போய்விட்டது. வேலை போனால் ஈ.எஸ்.ஐ. கார்டும் போகும். அவள் கணவன் சின்னையனின் இதயத்துக்கான மாத்திரைகள் அந்தக் கார்டின் பேரில்தான் வந்துகொண்டிருந்தன.

பகல் முழுதும் அவர்கள் காத்திருந்தார்கள். கூட்டிய இடத்தையே அவள் மறுபடி கூட்டினாள். சறுக்குமரத்தைத் துணியால் துடைத்தாள், தூறல் வந்து நனைத்தது, மீண்டும் துடைத்தாள். நடுவில் எண்கோணமாய் நின்ற வானொலிக் கூடத்தின் படிகளைக் கழுவினாள். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூடத்துக்காகவே இந்தப் பூங்கா எழுந்தது. சுப்பராயலுவின் தகப்பனார் அங்கே வானொலி இயக்குபவராய் இருந்தவர். மாலையில் அவர் பெட்டியைத் திருப்பினால் நான்கு மூலைக் கம்பங்களிலும் ஒலிபெருக்கி பேசும். புவனகிரியிலிருந்துகூட மாட்டுவண்டி பூட்டி வந்து புல்தரையில் அமர்ந்து செய்தி கேட்பார்களாம். இப்போது அதற்குள் துடைப்பமும் மண்வெட்டியும் இருந்தன. வெளிச்சுவரில், கட்டியவர்கள் எழுதிவைத்த விதிகள் பாதி உதிர்ந்தும் படிக்கும்படி இருந்தன: பூப்பறிக்கலாகாது, எச்சில் உமிழலாகாது, மாலை ஆறு மணிக்கு மேல் ஊஞ்சல்கள் கட்டப்படும்.

ஆறு மணி அடித்தது. கடைசிப் பிள்ளையைத் தாய் இழுத்துக்கொண்டு போனாள். அமராவதி இடுப்பில் செருகியிருந்த தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து, இரண்டு ஊஞ்சல்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தூணோடு கட்டினாள். ஆள் இல்லாத ஊஞ்சல் ஆடக்கூடாது. ஆடினால் ஏறும் பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் நம்பிக்கை. உப்புக் காற்றில் இராமுழுதும் ஆடினால் மேல்வளையம் தேயும் என்பது அவள் கண்டறிந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு வளையமும் அறுந்ததில்லை.

ஆறேகாலுக்குக் கார் வந்து நின்றது. மேலாளர் இறங்கவில்லை, கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது. மேற்பார்வையாளன் பாலகுமார் குடையோடு ஓடிவந்து, கையலைபேசியை நீட்டி, சறுக்குமரம், கூடம், ஊஞ்சல் என்று மின்னல் போல் படம் பிடித்தான்.

"யக்கா, ஊஞ்சல ஏன் கட்டிப் போட்டிருக்கீங்க?"

"ஆறு மணிக்கு மேல கட்டறதுதான் தம்பி. வெறுமன ஆடக்கூடாது. வளையமும் தேயும். அந்தச் செவுத்துலயே எழுதியிருக்குது பாரு, அதயும் ஒரு போட்டோ புடிச்சுக்க."

"லிஸ்ட்ல செவுரு இல்லக்கா."

"இரு, அவுத்துடறேன். ஒரு நிமிஷம்."

நனைந்த முடிச்சு இறுகியிருந்தது. அவள் பல்லால் கடித்து இழுத்தாள். கார் ஒலியெழுப்பியது. பாலகுமார் ஓடினான். சுப்பராயலு குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டியபடி நின்றார். "ஆமாம் தம்பி, அது வழக்கந்தான்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடிச்சு அவிழ்ந்தபோது காரின் சிவப்பு விளக்கு ரயிலடி வளைவைத் தாண்டியிருந்தது.

நான்காம் நாள் பாலகுமார் காகிதத்தோடு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தான்: ஊஞ்சல்கள் பயன்பாட்டில் இல்லை, பணியாளர் அவற்றை முடக்கிவைத்துள்ளார்.

"முடக்கி வச்சனா? காலையில ஆறு மணிக்கு அவுக்கறது யாரு? உன் பொண்ணே போன ஞாயித்துக்கெழம ஏறி, எறங்க மாட்டேன்னு அழுதுச்சே. நான்தான தம்பி எறக்கி வுட்டேன்?"

"தெரியுங்க்கா."

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"படம் புடிச்சது நான். எழுதறது கடலூர்ல. நான் சொன்னா, எனக்கும் வேற ஆளு பாத்துடுவாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "சாவி, விசிலு, அடையாள அட்டை."

அவள் மூன்றையும் சிமெண்டு பெஞ்சில் வரிசையாக வைத்தாள். கயிற்றை அவன் கேட்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. அது தூணிலேயே தொங்கியது. சுப்பராயலு தள்ளி நின்று, மழையில் நனைந்த செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

திருக்கார்த்திகை நாளின் அந்தியில் அமராவதி முந்தானைக்குள் ஓர் அகலை மறைத்துக்கொண்டு வந்தாள். ஆண்டுதோறும் வானொலிக் கூடத்தின் படியில் ஒன்று ஏற்றுவது அவள் வழக்கம். வாயில் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கிடையே பார்த்தாள். கூடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்; விதிகள் இருந்த இடத்தில் ஒரு முயலும் மயிலும் வரையப்பட்டிருந்தன. புதுப்பித்த பூங்காவுக்கு மறுநாள் திறப்பு விழா. அதற்கான பதாகை காற்றில் பறந்துவிடாதபடி மரத்தோடு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது அவளுடைய தேங்காய் நார்க் கயிறு.

ஊஞ்சல்கள் இரண்டும் ஆளின்றி ஆடின. காற்று நிற்கும்போது நின்று, எழும்போது எழுந்தன. மேலே வளையம் கிரீச்சிட்டது.

உள்ளிருந்து சுப்பராயலு சாவியோடு வந்தார். "உள்ள வாம்மா. ஏத்திட்டுப் போ. யாரும் இல்ல."

"வேணாம் மாமா. உனக்கு எதனா ஆயிடப் போவுது."

அவர் சாவியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அவள் வாயில் தூணின் அடியில், மழை படாத மூலையில் அகலை வைத்தாள். இரண்டு குச்சிகளைக் காற்று அணைத்தது. மூன்றாவதைத் தன் உடம்பால் மறைத்து ஏற்றினாள். கிழக்குக் கோபுரம் இருந்த திசையை நோக்கிக் கைகுவித்துக் கண்மூடினாள், உதடுகள் அசைந்தன. பின் கண்திறந்து, குவித்த கை பிரியாமல், உள்ளே ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சல்களின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு ஏறப்போற புள்ளைங்கெல்லாம் கையி காலு நோவாம, நூறு வருசம் நல்லாருக்கட்டும்."