மாமா முதுகில் நீலக்கோடு

பொன்னுவேலின் தொப்புளில் நிலக்கடலை அளவில் ஒரு கட்டி கிளம்பியிருந்தது. வலி இல்லை. அதனால் மன்னவனூர் டீக்கடையில் அது வேடிக்கைப் பொருளாகிவிட்டது. "வாழ்நாள் பூரா கேரட் போட்டேன்ல. இப்ப என் மேலயே மொளைக்குது" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார்.

மருமகன் முருகானந்தம் ஒருநாள் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு ஆட்டுப் பண்ணையில் வேலை. கம்பளிக்குள் கைவிட்டுக் கட்டி தேடுவது தினசரிச் சோலி. உருண்டு நகரும் கட்டிக்கு அவன் கவலைப்படுவதில்லை. இது நகரவில்லை. கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் வேட்டியும் இரண்டு மாதமாக இடுப்பில் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மாமா."

"வலிக்காத கட்டிக்கு வைத்தியமா? போங்க மாப்ள, ஆட்டப் பாருங்க."

அவன் மனைவி ஸ்வேதாவும் இப்படித்தான், காய்ச்சலை வெறும் அசதி என்று ஐந்து நாள் தள்ளினாள். அவள் இறந்து எட்டு மாதமாகிறது. அவளுடைய அப்பாவோடு முருகானந்தம் சண்டை போடவில்லை. அதற்குத் தெம்பில்லை.

பண்ணையில் டாக்டருக்குக் காட்ட வேண்டிய ஆட்டின் முதுகில் நீலச் சாயத்தால் கோடு போடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் வெள்ளனே, கொடியில் கிடந்த மாமாவின் ஸ்வெட்டர் முதுகில் முருகானந்தம் பட்டையாக ஒரு கோடு இழுத்தான். அவர் பார்க்காமல் மாட்டிக்கொண்டு போனார்.

டீக்கடை மணியன்தான் ஆரம்பித்தார். "ஏலே பொன்னுவேலு, உனக்குக் கோடு விழுந்துருச்சே. சினையா, சீக்கா?"

மதியத்துக்குள் ஊரே விசாரித்துவிட்டது. கேரட் கழுவும் பெண்கள் அவரைக் கண்டதும் ஆடு மாதிரிக் கத்தினார்கள். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பொன்னுவேலே ஏறி உட்கார்ந்தார். "ஊர் வாய அடைக்கத்தான் வாரேன் மாப்ள. சீக்குக்கு இல்ல."

கொடைக்கானலில் டாக்டர் ஜாஹிதா கட்டியை அழுத்திப் பார்த்தார். கேரட் ஜோக்குக்குச் சிரிக்கவில்லை. சிறு துண்டு வெட்டி மதுரைக்கு அனுப்பினார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். பத்து நாளில் முடிவு வந்தது.

"இது தோல்ல வந்த கட்டி இல்லைங்க ஐயா. இரைப்பையில புற்றுநோய் இருக்கு. அங்கிருந்து பரவி, இங்க வெளிய தெரிஞ்சிருக்கு. முழுசாக் குணமாகும்னு சொல்ல மாட்டேன். மருந்து வேலை செஞ்சா நாள் கிடைக்கும்."

பொன்னுவேல் நேராகக் கேட்டார். "எத்தன நாளு?"

"மாசக்கணக்கு. சிலருக்கு அதுக்கு மேலயும்."

"அப்ப ஆரம்பிங்கம்மா. இந்த மாப்ள வைக்கிற ரசத்தக் குறை சொல்ல வீட்டுல ஒரு ஆள் வேணும்ல."

"ரசத்துல என்ன குறை?" என்றான் முருகானந்தம். எட்டு மாதத்தில் அவன் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை.

மாமா சொல்ல ஆரம்பித்தார். புளியில் தொடங்கி மிளகுக்கு வருவதற்குள் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.