ஹவுரா வரைக்கும் ஒரு சண்டை

அம்பாசிடர் இருந்த காலத்தில் எங்கள் சண்டை கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் வீட்டு வாசலில் ஆரம்பித்தால் ஹவுரா ஸ்டேஷனில்தான் முடியும். என் கணவர் மஹாதேவன் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டுவார். மறுகை எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். டிராமுக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவே வளைந்துகொண்டே என் அண்ணனை ஒரு பிடி பிடிப்பார். நானும் விட மாட்டேன்.

இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்று மகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். வழியில் பழைய வழக்கு ஒன்றை எடுத்தேன். ஒரு மினிபஸ் எங்களை உரசுவதுபோல் வந்தது.

“சித்த பேசாம இரு,” என்றார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

எனக்குச் சுருக்கென்றது. “ஏன்னா, நான் பேசத்தானே செய்யறேன்? உங்க கையையா பிடிச்சு இழுக்கறேன்?”

சிக்னலைத் தாண்டியதும் ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தார்.

“முன்ன மாதிரி ரெண்டும் சேர்ந்து வரலைடி. ரோட்டைப் பார்த்தா நீ சொல்றது போயிடறது. அதைக் கேக்காம விடவும் மனசில்லை. இப்போ சொல்லு.”

முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இத்தனை வருஷச் சண்டையில் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.

வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒப்புக்கொள்வேனா? அவருடைய அக்காவிலிருந்து ஆரம்பித்தேன்.