கடைசிப் பாத்தியின் ஓட்டை

...இல்லை, அந்த மடையை அதற்குள் அடைத்திருக்கக் கூடாது, தண்ணீர் பாதிப் பாத்திகூட ஏறவில்லை, என்ன அவசரம், அப்பா இருந்திருந்தால் "தண்ணிய விரட்டாதம்மா, அதுக்கு உன்னைவிட நல்லா நடக்கத் தெரியும்" என்று சிரித்திருப்பார்... சிரிக்க அவர் இல்லை, போன வாரம் இதே தக்காளிக்காட்டு வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், மண்வெட்டியைக் கையிலிருந்து எடுக்கத்தான் பெரும்பாடாய்ப் போய்விட்டதாம். சேதி கேட்டவர்கள் ஓடுகிற மோட்டாரை நிறுத்தாமல் போட்டது போட்டபடி ஓடிவந்ததில் அன்றைக்குச் சுற்றுவட்டத்து வயலெல்லாம் மிதந்ததாம், ஒருத்தர்கூட அதைக் குறையாய்ச் சொல்லவில்லை. அப்படி என்னதான் செய்துவிட்டார் இந்த மனுஷன்? நாலு பேர் கூடின இடத்தில் கதவோரமாக நிற்கிற ஆள்... தம்பி காலையிலேயே ஆரம்பித்துவிட்டான், "அக்கா, சாயங்கால பஸ் ஏறுறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு, நான் லாரியில அலையிறவன், நீ தையல் கம்பெனியில, காட்டை யாரு பாக்குறது, குத்தகைக்கு விட்டுரலாம்." நியாயம்தான், அவன் சொல்வதில் என்ன தப்பு, சரி என்று ஒரு சொல் போதும், அதைச் சொல்லாமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்தாயிற்று.

கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வந்துவிட்டது, வந்தது நிற்காமல் எங்கேயோ போகிறதே... குனிந்து பார்த்தாள், வரப்பின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எலி. பகலெல்லாம் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுகிற வேலை அவளுடையது, ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்குமா, நாலு வெட்டு மண்ணை அள்ளிப்போட்டு மிதித்து அடைத்துவிட்டு நிமிர்ந்தால், வரப்புக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் அவரைக்கொடிகளுக்கு நடுவில் பக்கத்துக் காட்டு ஆட்டுக்கார அத்தை மண்வெட்டியோடு நிற்கிறாள், காய்ந்து கிடக்கிற தன் வாய்க்காலைப் பார்த்தபடி.

"எலி வளை அத்தை. அடைச்சிட்டேன்."

"அடைச்சியா... கெட்டிக்காரிதான். உங்கப்பா கண்ணுக்கு இத்தனை வருஷமா அது படவே இல்ல பாரேன். நானும் சொல்லிப் பாத்தேன், அண்ணே, உன் வரப்புல ஓட்டை, தண்ணி பூரா என் பக்கம் வருதுன்னு. அந்த எலிகிட்டப் பேசிக்கிறேன்னாரு."

அத்தை சிரித்தாள், இவளுக்குச் சிரிப்பு வரவில்லை, சருகு ஒன்று அசைந்தால்கூட வரப்பில் நின்று பார்க்கிறவர் அப்பா, அவர் கண்ணுக்கா படாது... அத்தைக்குக் கிணறு கிடையாது, இந்தப் பக்கம் ஒட்டின கொடிகளில் மட்டும் பூ கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறது, வா, தண்ணீர் எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் அத்தை ஒவ்வொரு தடவையும் வாசலில் வந்து நின்றிருப்பாள், தலை குனிந்திருப்பாள், அதற்குத்தான் பழியை எலியின் தலையில் போட்டாரா, அடப் பாவி அப்பா, எங்களிடம்கூடச் சொல்லவில்லையே... மண்வெட்டியை எடுக்கத் தோன்றவில்லை, உட்கார்ந்து கையாலேயே ஈரமண்ணைத் தோண்டினாள், தண்ணீர் முதலில் கசிந்து, பிறகு விரலைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது.

"என்னடி, அடைச்சதையே பிரிக்கிற?"

"எலி கோவிச்சுக்கும் அத்தை."

அத்தை முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், குனிந்து வேகவேகமாய் வாய்க்காலைச் செதுக்கினாள். கரண்ட் போகிற நேரம் ஆகிவிட்டது, இவள் மோட்டார் பக்கம் நடந்துகொண்டே குரல் கொடுத்தாள், "இன்னைக்கு முழுசா ஏறாது அத்தை, மிச்சத்தை நாளைக்கு விடுறேன்..."

நாலு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. நாளைக்கா? சாயங்காலம் பஸ், காலையில் கம்பெனி, நாளைக்கு யார் விடுவது, யார் வாய் அதைச் சொன்னது... வீட்டுப் பக்கமிருந்து தம்பி கூப்பிடுகிறான், "அக்கா, முடிஞ்சுதா?" இன்னும் இல்லடா என்றுதான் வாயில் வருகிறது, எதைச் சொல்கிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.