துரை காட்டிய நாற்காலி

துரைத்தனத்து ஆபீசில் நாற்காலி என்பது லேசுப்பட்ட சாமான் அல்ல. பட்டம் உள்ளவன் உட்காரலாம். மனு கொண்டுவந்தவன் நிற்கவேண்டும். யார் உட்கார்ந்தார், யார் நின்றார் என்று எழுதிவைக்க ஒரு புஸ்தகமே உண்டு. கல்கத்தாவில் அந்தப் புஸ்தகம் குமாஸ்தா மஹாதேவன் கையில் இருந்தது.

வேலங்கோட்டை நடராஜன் பதினேழு நாளாக அங்கே நின்றுகொண்டிருந்தான். ஜமீன்தாராயிருந்த தகப்பனார் இறந்தபோது அவனுக்கு வயது ஆறு. ஜமீனைச் சர்க்கார் தன் பார்வையில் எடுத்துக்கொண்டது. இருபத்தொரு வயதானதும் திருப்பித் தரவேண்டும். வயது வந்தது, ஜமீன் வரவில்லை. வாரிசு நான்தான் என்று சித்தப்பா பட்டாபிராமன் குறுக்கே விழுந்திருந்தார். சென்னையில் கைவிரித்துவிட்டார்கள். இனி வைஸ்ராயின் ஆபீஸ்தான் கதி என்று கப்பலேறி வந்தவனுக்குக் காளிகாட்டில் தன் வீட்டு மாடியறையைக் கொடுத்து, தினம் டிராமில் கூடவே அழைத்துவந்தவரும் மஹாதேவன்தான்.

"கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினா உடனே உட்கார்ந்துடுங்கோ ராஜா. பாதி ஜெயிச்ச மாதிரி," என்று அவர் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

பதினெட்டாம் நாள் கூப்பிட்டார்கள். உள்ளே சித்தப்பா ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். துரை பக்கத்து நாற்காலியைக் காட்டி, ஒரு காகிதத்தை நீட்டினார். சமாதானப் பத்திரம். அரண்மனையும் ஆறு கிராமமும் நடராஜனுக்கு, மற்றதெல்லாம் சித்தப்பாவுக்கு.

நடராஜனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அம்மா ராஜலக்ஷ்மி நாச்சியார் பதினைந்து வருஷமாக யார் வீட்டிலோ இரண்டு அறைக்குள் முடங்கிக் கிடக்கிறாள். அவளை அரண்மனைக்கு அழைத்துப் போகலாம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே படித்தான். இரண்டாம் பக்கத்தில், மற்ற வரிகளோடு ஒரு வரியாக இருந்தது: தன் தாய் முறைப்படி தாலி கட்டிய மனைவி அல்ல என்று மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்.

அடப்பாவி மனுஷா! சொந்த அண்ணியல்லவா அவள்?

நடராஜன் நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார். "சும்மா சட்டத்துக்காக எழுதினதுப்பா. இங்கிலீஷ் காகிதம். அண்ணிக்கு எங்கே தெரியப்போகுது?"

"அம்மாவுக்குத் தெரியாது சித்தப்பா. எனக்குத் தெரியுமே."

காகிதத்தை மேஜைமேல் திரும்ப வைத்தான். துரை கடிகாரத்தைப் பார்த்தார். இதை விட்டால் பத்து வருஷம் ஆகலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம் என்றார்.

"நிற்கிறேன், ஸார்," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நடராஜன் வெளியே வந்தான்.

தாழ்வாரத்தில் மஹாதேவன் பேனாவும் கையுமாக ஓடிவந்தார். "உட்கார்ந்தேளா?"

"இல்லை."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. நடந்ததை முழுக்கக் கேட்டார். புஸ்தகத்தைப் பிரித்து, நின்றவர்கள் பக்கத்தை எடுத்தார்.

"என்ன பேர் போடட்டும்? ஜமீன்தார்னு போட்டா மேலே இருக்கிறவா தினம் அடிச்சுடறா."

நடராஜன் யோசிக்கவே இல்லை. "காலமான வேலங்கோட்டை ஜமீன்தார் சம்சாரம் ராஜலக்ஷ்மி நாச்சியார், அவங்க மகன்னு போடுங்க."

மஹாதேவன் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"இதையும் அடிச்சுட்டான்னா?"

"நாளைக்கு மறுபடி எழுதுங்க. நான்தான் தினம் வரேனே."