மூன்று ஜாண் இடம்

அந்தத் தெருவில் ஜமீன் வீடு எது என்று கேட்டால், பால் போடுகிறவர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் முனையில் இருக்கும் மாடி வீட்டைக் கைகாட்டுவார்கள். மனிதருக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. அந்த வீடும் இரண்டு கார்களும்தான் சொத்து. ஆனால் தெருவுக்கே பட்டா வாங்கி வைத்திருப்பவர் போல நடந்துகொள்வார். அதனால் அந்தப் பெயர்.

அவருடைய சாமர்த்தியமெல்லாம் கார்களை நிறுத்தும் விதத்தில் இருந்தது. தெருமுனைக் கம்பத்திலிருந்து அரைக் கார் தூரம் தள்ளி முதல் காரை நிறுத்துவார். அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு கார் நீளம் மட்டும் விட்டு இரண்டாவதை நிறுத்துவார். முன்னால் விட்டதையும் நடுவில் விட்டதையும் ஒன்றாகச் சேர்த்தால் இன்னொரு கார் தாராளமாக நிற்கும். தனித்தனியாகக் கிடப்பதால் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது. வெளியூரில் இருக்கும் மகன் வந்தால் நிறுத்த இடம் வேண்டுமாம். மகன் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இதற்குக் காவலாக நிற்கும் முதல் காரை ஸ்டார்ட் செய்தும் ஆறு மாதம் ஆகிறது. பேட்டரி செத்து, அது உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

நடுவில் விட்ட அந்த இடம் சரியாக எல் போர்டு டீச்சரின் வாசலுக்கு நேரே விழுந்தது. அவள் பக்கத்து வீட்டுக்காரி. டிரைவிங் ஸ்கூலில் பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறாள். சொந்தக் கார் இல்லாததால் ஜமீனின் அட்டகாசத்தைப் பார்த்து வயிறு எரிவாளே தவிர, வாய் திறந்ததில்லை. வாய் திறக்கவேண்டி வந்தது, அவள் கணவர் விழுந்த பிறகுதான்.

கணவர் பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து டாக்சியில் வீட்டுக்கு வந்தார். தெருவில் நடுவே ஒரு வண்டி போகத்தான் வழி. டாக்சி அந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இடுப்பு ஆபரேஷன் ஆனவர் காரிலிருந்து இறங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு கால்களையும் ஒன்றாக வெளியே திருப்ப வேண்டும், ஊன்றுகோலை ஊன்ற வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல எழ வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும். இரண்டாவது நிமிடத்திலேயே பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகியது. "வந்துட்டேன்பா, வந்துட்டேன்" என்று அவசரப்பட்டு எழுந்தவர், கால் மடங்கி, ஜமீனின் இரண்டு கார்களுக்கும் நடுவில் போய் விழுந்தார். ஒரு கார் நிறுத்த வழியில்லாத அந்த இடத்தில், ஓர் ஆள் நீட்டிப் படுக்க மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

நான்கு பேர் சேர்ந்து மூட்டை தூக்குவது போலத் தூக்கி அவரை அதே டாக்சியில் ஏற்றித் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாடியிலிருந்து ஜமீன் எட்டிப் பார்த்தார். "பாத்துத் தூக்குங்கப்பா, கார்ல கீறிடப் போகுது" என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து டாக்டர், "வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம். ஒரு மூச்சுக்கு இருபது அடி எடுத்து வெக்கலாம். அதுக்கு மேல வேண்டாம், உக்காந்துடணும்" என்றார். பஸ் டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நான் வரல" என்றார்.

"ஏங்க?"

"அந்தத் தெருவுல இன்னொரு தடவ என்னைத் தூக்க விடமாட்டேன். என் வீட்டுக்கு என் கால்ல வரணும். முடியாதுன்னா இங்கயே கெடக்குறேன்."

திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள். வியாழக்கிழமை அவர் யாரும் ஹாரன் அடிக்காமல், நிதானமாக, தன் வாசலில் இறங்கி நடக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே ஜமீனிடம் போனாள். அவர் எதிரே இருந்த மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"சார், வியாழக்கிழமை ஒரே ஒரு நாள், முன்னாடி இருக்குற காரைக் கொஞ்சம் கம்பம் பக்கமா நகத்திக் குடுத்தீங்கன்னா, இவரை வாசல்லயே இறக்கிடுவேன்."

"அது ஸ்டார்ட் ஆகாதும்மா."

"தள்ளலாமே சார். நானே ஆள் கூட்டிட்டு வர்றேன்."

ஜமீன் மருந்துக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, நான் என்ன ரோட்டுல வேலியா போட்டிருக்கேன்? நடுவுலதான் இடம் கெடக்குதே. முடிஞ்சவங்க போட்டுக்க வேண்டியதுதான். நான் என்னைக்காவது வேணாம்னு சொன்னேனா? நீங்கதான் ஊருக்கே ஓட்டச் சொல்லித் தர்றவங்களாச்சே!"

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. டீச்சருக்குக் காதுமடல் வரை சூடேறியது. அழுகையா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பார்சல் கட்டுற கயிறு கொஞ்சம் குடுங்க" என்றாள்.

கயிற்றின் ஒரு முனையை முன் காரின் பின்புறத்திலும் மறு முனையைப் பின் காரின் மூக்கிலும் பிடித்து இழுத்து, முடிச்சுப் போட்டு வெட்டினாள். ஜமீன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். மறுநாள் காலை ஸ்கூல் மைதானத்தில் அந்தக் கயிற்றைப் பயிற்சிக் காரின் பக்கத்தில் விரித்து அளந்தாள். ஸ்கூலிலேயே சின்ன கார் அது. கயிறு காரை விட மூன்று ஜாண் நீளம். முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை. இதற்குள் ஒரு காரைச் செருக வேண்டும்.

ஸ்கூல் முதலாளி தாராள மனசுக்காரர். காரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் கயிற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதில் நியாயம் இருந்தது. டீச்சர் பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, ஒடிச்சுத் திருப்புங்க" என்று சொன்னவள். ஸ்டியரிங்கைப் பிடித்து அவள் ஓட்டிய தூரம் கொஞ்சம்தான். பஸ் டிரைவருக்கு இது தீராத கேலி. "எல் போர்டு, நீ ஓட்டி நான் பாத்ததே இல்லையே!" என்பார்.

கயிற்றின் அளவுக்கு இரண்டு டிரம்களை நிறுத்தி வைத்தாள். முதல் நாள் பத்து தடவை முயன்றதில் ஏழு தடவை டிரம் உருண்டது. மாணவர்கள் எல்லாம் மதில் ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் அத்தனை வருடமாக இடித்த கணக்குக்கு இது ஒன்றுமே இல்லை என்று விட்டுவிட்டாள். இரண்டாவது நாள் மூன்று தடவை உருண்டது. புதன்கிழமை சாயங்காலம் ஒரு டிரம்மும் அசையவில்லை. கை வலித்தது, கழுத்து திரும்ப மறுத்தது. ஆனால் அந்த மூன்று ஜாண் அவள் கைக்குள் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பஸ் டிரைவர் காரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இந்த நசுங்கின டப்பாலயா?" என்று கேட்டபடி ஏறினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் அவர் கண்ணில் பட்டது அந்த இன்னொரு பிரேக். பழக்கதோஷம் யாரை விட்டது? வழியில் மூன்று தடவை அதை மிதித்துவிட்டார். மூன்றாவது தடவை பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனார்.

தெருவுக்குள் திரும்பி, தன் வாசலைத் தாண்டி, ஜமீனின் முன் காருக்குப் பக்கத்தில் டீச்சர் காரை நிறுத்தினாள். பஸ் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"ஏ, இதுல பஸ்ஸோட டயர்கூட போகாது. வேணாம்."

"போகும். நடுவுல நீங்க பிரேக்கை மிதிச்சா வண்டி கோணலா நின்னுடும். பின்னால ஹாரன் அடிப்பாங்க. மறுபடியும் அதே கதைதான். இருபத்தெட்டு வருஷம் நீங்க ஓட்டினீங்க, நான் வீட்டுல உக்காந்து நம்பினேன். இன்னைக்கு ஒரு நாள் நீங்க நம்புங்க."

அவர் இரண்டு கால்களையும் மெல்லப் பின்னால் இழுத்து, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கார் பின்னால் நகர்ந்தது. அப்போதுதான் ஜமீன் வாசலுக்கு வந்தார். ஒரு கீறல் படாமல் காத்து வைத்த தன் இரண்டு கார்களுக்கு நடுவே, எல் போர்டு மாட்டிய, நசுங்காத இடமே இல்லாத ஒரு கார் பின்பக்கமாக வருவதைப் பார்த்தார். இருமல் மருந்து குடித்த மனிதருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ!

"ஏம்மா! நிறுத்து, நிறுத்து! இடிச்சிடுவ! நான் காரை எடுத்துடறேன்மா, பின்னாடி இருக்குறதை எடுத்துடறேன்!"

டீச்சர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "வேண்டாம் சார், முடிஞ்சவங்க போட்டுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார், என் கடைலதான் சொன்னீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் கடையை விட்டே வெளியில் வந்துவிட்டார்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பியது, பிறகு மறு பக்கம் திரும்பியது. காரின் மூக்கு முன் காரின் பின் மூலையை உரசுவது போல வந்து, உரசாமல் உள்ளே போனது. ஜமீன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது கார் நடைபாதை ஓரமாக நேராக நின்றிருந்தது. மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து கையை விரித்து அளந்தார். முன்னால் ஒன்றரை ஜாண், பின்னால் ஒன்றரை ஜாண். "அடேயப்பா!" என்று வாய்விட்டுக் கத்தினார்.

நடுவழி காலியாக இருந்தது. வண்டிகள் வந்தன, போயின. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பஸ் டிரைவர் தன் பக்கக் கதவைத் திறந்து, இரண்டு கால்களையும் ஒன்றாகத் திருப்பி, நடைபாதையில் வைத்தார். ஊன்றுகோலை ஊன்றினார். மூச்சு வாங்கினார். பத்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றேதான் என்று டீச்சருக்குத் தோன்றியது. எடுத்துக்கொள்ளட்டும், ராஜா மாதிரி இறங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுந்தார். ஒன்று, இரண்டு என்று அவளும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே பக்கத்தில் நடந்தாள், கையை நீட்டாமல். கேட் வரை நான்கு. வாசல் வரை பதினொன்று. உள்ளே போட்டிருந்த நாற்காலிக்குப் பதினேழு. அவள் கண்ணில் நீர் தானாக வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"உக்காருங்க."

"டாக்டர் இருபது சொன்னாருல்ல? இன்னும் மூணு பாக்கி இருக்கு" என்றார் அவர். "அந்த நாற்காலிய ஜன்னல்கிட்ட போடு."

மூன்றாவது அடியில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்ற காரை நெடுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நான் பிரேக்ல கால் வெக்கல, பாத்தியா?"

"பாத்தேன்."

"வெச்சிருந்தா கெடுத்திருப்பேன். என்னால இப்படிப் போட்டிருக்க முடியாது. சத்தியமா சொல்றேன்."

இருபத்தெட்டு வருட டிரைவர் வாயிலிருந்து வந்த சொல் அது. அவள் காப்பி போடப் போய்விட்டாள்.

நான்கு மணிக்கு ஜமீன் பின் காரில் ஏறினார். எங்கோ கூட்டத்துக்குப் போக வேண்டுமாம். அந்தக் காருக்குப் பின்னால் மருந்துக்கடை வேன் எப்போதும் போல ஒட்டி நின்றது, முன்னால் எல் போர்டு நின்றது. ஒரு விரற்கடை முன்னால் போனார், ஒரு விரற்கடை பின்னால் வந்தார். ஜன்னல் வழியே பஸ் டிரைவர் இதையெல்லாம் காப்பியோடு ரசித்தார். இருபது நிமிடம் கழித்து ஜமீன் வியர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றார்.

"அம்மா... என் வண்டியைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கணும்."

"அப்படி எடுத்தா நாளைக்கும் எடுக்கணும் சார். அவர் வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குப் போகணும், இந்த வண்டி தினம் வரும். நான் இல்லாத அன்னைக்கு என் மாணவர்கள் கொண்டு வந்து போடுவாங்க. இப்பத்தான் கத்துக்கறாங்க."

ஜமீன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா பண்ணச் சொல்றே?"

"முன் காரைக் கம்பம் வரைக்கும் தள்ளிடலாம். அங்கயே இருக்கட்டும். அப்புறம் நான் என் வண்டியை முன்னால எடுத்துக்கறேன், உங்க வண்டி தானா வெளியில வரும். இங்க ஒரு முழு வண்டிக்கு இடம் கெடைக்கும், யாரு வேணா போட்டுக்கலாம்."

டீச்சர் உறையை உருவிவிட்டு முன் காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நடுவில் ஆள் நிற்க இடமில்லாததால், மருந்துக்கடைக்காரர் ஒரு பக்கத்துப் பின் மூலையில் கை வைத்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு ஜமீன் மறு மூலையில் குனிந்தார். தெருவில் பாதிப்பேர் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜமீன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆறு மாதம் நின்ற சக்கரம் லேசில் அசையுமா? இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

அப்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. கண்டக்டர்கள் சொல்லி பஸ் டிரைவர் கேட்டது ஆயிரக்கணக்கான தடவை. அவரே சொன்னது இதுதான் முதல் தடவை.

"போலாம்... ரைட்!"

ஜமீன் தள்ளினார். கார் நகர்ந்தது.